நடுத்தர விலை கிராஃபிக்ஸ் கார்டு: வேகம், சூடு, விலை மூன்றையும் நீங்களே அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

கார்டின் பெட்டியில் அச்சிட்ட எண்களும் விமர்சன வீடியோக்களில் வரும் பட்டைகளும் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரையுள்ள குளிர்ந்த அறையில் எடுத்தவை. அதே கார்டு சித்திரை வெயிலில், ஈரோட்டிலோ கரூர் பரமத்தியிலோ, 36 டிகிரி அறையில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினெட்டுக்குள் அரை மணி நேரம் ஓடிய பிறகு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (திரைப் படம்) தருகிறது? வாங்குகிறவருக்கு வேண்டிய கணக்கு அதுதான். அதை வீட்டிலேயே அளக்கலாம். தேவையான மென்பொருள்கள் இலவசம். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் அறை வெப்பமானி மட்டும் கையில் இருக்க வேண்டும்.

முதலில், என்ன வேலைக்கு?

விளையாட்டுக்கு என்றால் மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு 140 ஃப்ரேம் தரும் கார்டால் பெரிய பயன் இல்லை. 1440பி மானிட்டர் இருந்தால், அல்லது சீக்கிரம் வாங்கப் போகிறீர்கள் என்றால், கார்டின் நினைவகம் முக்கியமாகிவிடும்.

தொழிலுக்கு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திருப்பூரில் பனியன் பிரின்ட் டிசைன் போடும் பலர் கோரல்டிரா வேகமாக ஓட வேண்டும் என்று கார்டு தேடுகிறார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு செயலி, ரேம், எஸ்எஸ்டி மூன்றின் மேல்தான் விழுகிறது. அதே பணத்தை 32 ஜிபி ரேமுக்கும் நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கோவையில் பம்ப், வால்வு டிசைனுக்குச் சாலிட்வொர்க்ஸ் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜிஃபோர்ஸ் வகைக் கார்டுகள் அதன் அங்கீகாரப் பட்டியலில் வருவதில்லை. ரியல்வியூ (மாடலை நிஜப் பொருள்போலக் காட்டும் வசதி) போன்றவை தொழில்முறைக் கார்டுகளுக்கே அதிகாரப்பூர்வமாகக் கிடைக்கும். பிளெண்டரில் ரெண்டர் செய்பவர்களுக்கு ரெண்டரை வேகப்படுத்தும் ஆப்டிக்ஸ் வசதிக்காக ஆர்டிஎக்ஸ் கார்டு நல்ல தேர்வு.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் கேமராவின் பதிவு முறையைப் பாருங்கள். 10-பிட் 4:2:2 ஹெச்.265 முறையில் (நிறத் தகவல் அதிகமுள்ள, சுருக்கிய பதிவு) எடுத்த வீடியோவை ஆர்டிஎக்ஸ் 40 வரிசையும் அதற்கு முந்தையவையும் வன்பொருளில் விரிக்காது. டைம்லைன் திக்கும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை விரிக்கும். 12-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலி, உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள வகையாக இருந்தால், அதன் குவிக் சின்க் என்ற வீடியோ வசதியும் இந்த வேலையைச் செய்துவிடும். எஃப் என்ற எழுத்தில் முடியும் செயலிகளில் அது இல்லை. ஆகவே கார்டு மாற்றுவதற்கு முன் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) உள்கிராஃபிக்ஸை இயக்கிப் பார்ப்பது நல்லது.

பெயரை நம்பாமல் விவரத்தைப் படியுங்கள்

ஒரே பெயரில் வேறு வேறு கார்டுகள் விற்பனையில் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 12 ஜிபி நினைவகம், 192-பிட் பஸ் (நினைவகப் பாதையின் அகலம்), நொடிக்கு 360 ஜிபி நினைவக வேகம் என்றுதான் பலருக்கும் தெரியும். அதே பெயரில் 8 ஜிபி, 128-பிட், 240 ஜிபி கார்டும் வந்தது. அது வேகத்திலும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி வகை 8 ஜிபி வகையைவிடப் பின்தங்கியது. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது நடைமுறையில் ஆர்எக்ஸ் 570 தான். பில்லில் மாடலின் முழுப்பெயரும் நினைவக அளவும் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான்.

நினைவகத்தில் அளவு வேறு, வேகம் வேறு. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மோட்டார் எடுக்கிற அளவுதான் வாய்க்காலுக்கு வரும். ஆர்டிஎக்ஸ் 4060-இல் 8 ஜிபி, நொடிக்கு 272 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060-இலும் 8 ஜிபிதான், ஆனால் ஜிடிடிஆர்7 என்பதால் 448 ஜிபி. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யில் 8 அல்லது 16 ஜிபி, 320 ஜிபி வேகம். இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி, 456 ஜிபி வேகம். இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. சிப்புக்குள் இருக்கும் கேஷ் (சிறிய, வேகமான நினைவகம்) பெரிதானால் வெளி நினைவகத்தைத் தொட வேண்டிய தேவை குறையும். 4060 காகிதத்தில் 3060-ஐவிடக் குறைந்த நினைவக வேகம் கொண்டிருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் முந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு எங்கள் கருத்து: 1080பி-க்கு மட்டும், விலை நன்றாகக் குறைந்தால் மட்டும், 8 ஜிபி. நான்கு வருடம் வைத்திருக்க நினைத்தால் 12 அல்லது 16 ஜிபி.

பலர் கவனிக்காமல் விடுவது பிசிஐஇ லேன் எண்ணிக்கை, அதாவது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் பாதைகளின் எண்ணிக்கை. 4060, 5060, ஆர்எக்ஸ் 7600, பி580 எல்லாமே 8 லேன் கார்டுகள். புதிய மதர்போர்டில் சிக்கல் இல்லை. பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டிலோ பத்தாம் தலைமுறை இன்டெல் போர்டிலோ போட்டால், நினைவகம் நிரம்பாத வரை இழப்பு குறைவு. 8 ஜிபி நிரம்பி வழிந்து கணினியின் ரேமிலிருந்து இழுக்கத் தொடங்கியதும் அந்தக் குறுகிய பாதையில் படம் வெட்டி வெட்டி வரும். பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு 16 லேன் உள்ள 9060 எக்ஸ்டி போன்ற கார்டு பொருத்தம். ஆர்க் பி580 வாங்குவதாக இருந்தால் பயாஸில் ரீசைஸபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் செயலி ஒரே தடவையில் அணுகவிடும் அமைப்பு) கட்டாயம் இருக்க வேண்டும். பழைய செயலிகளோடு அது தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை.

அளப்பதற்கு முன் கணினியைத் தயார் செய்தல்

மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் சர்வீஸுக்கு வரும் 'கார்டு வேகமில்லை' புகார்களில் இது அடிக்கடி வரும். கார்டு செயலிக்கு மிக அருகிலுள்ள நீள ஸ்லாட்டில் இருக்க வேண்டும். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது இயல்பு. பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனை ஓட்டினால் உண்மையான வேகம் தெரியும்.

ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டாக்குங்கள். ஒரே 16 ஜிபி-க்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டாலே பல விளையாட்டுகளில் திக்கல் குறையும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவையும் (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ரீசைஸபிள் பாரையும் இயக்குங்கள். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமோ மாறுகிறவர்கள் டிடியு மென்பொருளைச் சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.

வேகத்தை அளத்தல்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாடியூனரையும் நிறுவி, திரையில் ஃப்ரேம், 1% லோ (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம்), கார்டின் பயன்பாடு, நினைவகம், கடிகார வேகம், வாட், வெப்பம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்து வைக்க கேப்ஃப்ரேம்எக்ஸ் வசதியானது.

நீங்கள் உண்மையில் ஆடும் மூன்று விளையாட்டுகளை எடுங்கள். வி-சின்க் (ஃப்ரேமை மானிட்டரோடு ஒத்திசைப்பது), ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுவே செயற்கை ஃப்ரேம் செருகுவது), ஃப்ரேம் வரம்பு மூன்றையும் அணையுங்கள். ஒரே இடத்தில், ஒரே பாதையில், 60 நொடி ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கப்படுவதால் திக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடுத்த மூன்று ஓட்டங்களின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் இடையே 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது, அல்லது கார்டு சூடேறி வேகம் குறைகிறது.

கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் நீங்கள் அளப்பது கார்டை. 70, 75 என்று நின்றால் செயலி பின்னால் இழுக்கிறது. அந்த நிலையில் இன்னும் பெரிய கார்டு வாங்கினாலும் ஃப்ரேம் கூடாது. உறுதி செய்ய எளிய வழி உண்டு: திரைத் தெளிவை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் அப்படியே நின்றால் குற்றம் செயலியுடையது.

சராசரியைவிட 1% லோ-வை நம்புங்கள். சராசரி 90 ஃப்ரேம், 1% லோ 35 என்றால் ஆடுகிறவரின் கைக்குத் தெரிவது அந்த 35 தான். 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி. ஃப்ரேம் நேர வரைபடம் தட்டையாக ஓட வேண்டும், நடுநடுவே 50, 60 மில்லிநொடிக் கூம்புகள் எழும்பக் கூடாது. சராசரி நன்றாக இருந்து 1% லோ மட்டும் விழுந்தால் டாஸ்க் மேனேஜரில் கார்டின் 'ஷேர்டு' நினைவகத்தைப் பாருங்கள். ஆடத் தொடங்கியதும் அது ஒரு ஜிபி, இரண்டு ஜிபி என்று ஏறினால் கார்டின் சொந்த நினைவகம் போதவில்லை. டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி இறக்கினால் சரியாகும். சில விளையாட்டுகள் ஃப்ரேமைக் குறைக்காமல் டெக்ஸ்சரை மங்கலாக்கிச் சமாளிக்கும். ஆகவே எண்ணோடு படத்தையும் பார்க்க வேண்டும்.

ஃப்ரேம் ஜெனரேஷனைப் போட்டு வரும் எண்ணை இன்னொரு கார்டின் சாதாரண எண்ணோடு ஒப்பிடக் கூடாது. படம் வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை அசைத்ததற்குக் கிடைக்கும் பதில் வேகம் அடிப்படை ஃப்ரேமைப் பொறுத்ததே.

சூட்டை அளத்தல்

கார்டு எத்தனை டிகிரி என்று மட்டும் சொன்னால் அதில் பொருளில்லை. அறை வெப்பத்தைக் கழித்துச் சொல்ல வேண்டும். விமர்சகர் 22 டிகிரி அறையில் 66 டிகிரி என்கிறார் என்றால் வித்தியாசம் 44. அதே ஃபேன் வேகத்தில் உங்கள் 36 டிகிரி அறையில் அது 80-ஐத் தொடும். நடைமுறையில் ஃபேன் தானாகவே வேகம் எடுத்து அதை 75 பக்கம் நிறுத்தப் பார்க்கும், அதற்கு விலையாகச் சத்தம் ஏறும். விமர்சனத்தில் 'அமைதியான கார்டு' என்று கேட்டது நம் ஊரில் மே மாதம் இரைவதற்கு இதுதான் காரணம். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் கை கொடுக்கும். கரூர், ஈரோடு, சேலத்தில் அந்த உதவி குறைவு. முடிந்தால் பிற்பகல் 2 மணிக்குச் சோதனை செய்யுங்கள். காலை ஏழு மணிக்கு எடுத்த எண் ஏமாற்றும்.

முறை இது. வெப்பமானியை கேபினெட்டின் காற்று நுழையும் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் வையுங்கள். கணினியை 15 நிமிடம் சும்மா விட்டு முதல் எண்ணைக் குறியுங்கள். இந்த நேரத்தில் பல கார்டுகளின் ஃபேன் சுற்றவே சுற்றாது, அது பழுதல்ல. பிறகு கனமான ஒரு விளையாட்டையோ யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருளையோ 30 நிமிடம் ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் கோர் (சிப்), ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி), நினைவகம் ஆகியவற்றின் வெப்பம், ஃபேன் சுற்று, வாட், கடிகார வேகம் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். பத்து நிமிடம் போதாது. ஹீட் சிங்க்கும் கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றும் நிலைக்கு வர இருபது நிமிடமாவது ஆகும். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள், விளையாட்டைவிடக் கடுமையான சுமை. கார்டு அதில் வாட் வரம்பை முட்டி வேகத்தைக் குறைப்பது இயல்பு. எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் தரும் பெட்டி) தாங்குகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஓட்டலாம், கார்டுக்குத் தீர்ப்பு எழுத அது உதவாது.

எண்களை எப்படிப் படிப்பது? கோர் வெப்பம் 80-க்குள் நின்றால் கோடையிலும் நிம்மதி. பல ஆர்டிஎக்ஸ் கார்டுகள் 83 டிகிரிக்கு அருகே வேகத்தை இழுத்துப் பிடிக்கத் தொடங்கும். ஆர்டிஎக்ஸ் கார்டுகள் சூடு ஏற ஏற 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வேகத்தை இறக்குவது வடிவமைப்பிலேயே உள்ளது. அரை மணி நேரத்தில் முப்பது, அறுபது மெகாஹெர்ட்ஸ் போனால் கவலை வேண்டாம். இருநூறு போனால் காரணம் தேட வேண்டும். ஜிபியு-இசட்டில் 'பெர்ஃப்கேப் ரீசன்' வரி அதைச் சொல்லிவிடும்: தெர்மல் என்றால் சூடு, பவர் என்றால் வாட் வரம்பு.

கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஏஎம்டி கார்டுகளில் ஹாட்ஸ்பாட் வரம்பு 110 என்பதால் 90-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வித்தியாசம் 30-ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது சூடேறி ஆறி சிப்பின் நடுவிலிருந்து வெளியே பிதுங்கியிருக்கும், அல்லது ஹீட் சிங்க் சாய்வாக உட்கார்ந்திருக்கும். புதுக் கார்டில் இப்படி இருந்தால் திறக்காமல் வாரன்டிக்குக் கொடுங்கள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஹாட்ஸ்பாட்டைக் காட்டுவதில்லை, அதில் கோரும் நினைவகமும்தான் வழி.

அடுத்தது கேபினெட் சோதனை. சூடான நிலையிலேயே பக்கப் பலகையைக் கழற்றி இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெப்பம் 2, 3 டிகிரி மட்டும் இறங்கினால் கேபினெட் நல்லது. 6, 8 டிகிரி இறங்கினால் உங்களுக்குத் தேவை வேறு கார்டு அல்ல, முன்பக்கம் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்.

சத்தத்தை ஒப்பிட, இரண்டு கார்டுகளுக்கும் ஃபேனை ஒரே சத்தத்தில் நிறுத்தி எது குளிர்ச்சியாக இருக்கிறது என்று பாருங்கள். கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் துல்லியமற்றது, ஆனால் ஒரே தூரத்தில் வைத்தால் ஒப்பிடப் போதும்.

இங்கே கோடையைச் சமாளிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, எல்லோரும் செய்ய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 100-லிருந்து 85 அல்லது 80-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் சில சதவீதம்தான் குறையும், சூடும் சத்தமும் அதைவிட நன்றாகவே இறங்கும். சிப்புக்குக் கடைசிச் சில மெகாஹெர்ட்ஸைத் தரத்தான் மின்சாரம் அதிகம் செலவாகிறது. இன்னும் ஒரு படி போக விரும்பினால் கன்ட்ரோலோடு எஃப் அழுத்தி மின்னழுத்த வளைவைத் திறந்து, கார்டு இப்போது ஓடும் வேகத்தையே 25 மில்லிவோல்ட் குறைவான புள்ளியில் நிறுத்தி, அதற்கு வலப்பக்கம் முழுவதையும் தட்டையாக்குங்கள். ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து, நிலையாக இருந்தால் இன்னும் 25 இறக்குங்கள். விளையாட்டு மூடிக்கொண்டாலோ திரை கறுத்தாலோ ஒரு படி மேலே வந்துவிடுங்கள்.

பஞ்சுத் தூசி

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற தறி ஓடும் ஊர்களிலும், திருப்பூரில் நிட்டிங் மெஷின் அருகிலும் இருக்கும் கணினிகளுக்குத் தூசி வேறு மாதிரி. மண் தூசி ஹீட் சிங்க்கின் ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) மேல் படியும். பஞ்சு அவற்றின் வாயில் துணிபோல விரிந்து அடைத்துக்கொள்ளும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் போகாது. வாங்கியபோது எடுத்த 'வித்தியாச' எண்ணைவிட இப்போது 8, 10 டிகிரி கூடியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இப்படிப்பட்ட இடத்துக்கு வாங்கும்போது ஃபின்கள் மிக நெருக்கமாக இல்லாத, இரண்டு பெரிய ஃபேன் வைத்த கார்டைத் தேடுங்கள். கேபினெட்டில் உள்ளிழுக்கும் ஃபேன் கூடுதலாகவும் வெளித்தள்ளுவது குறைவாகவும் இருந்தால் காற்று வலை வழியாக மட்டுமே நுழையும், சந்துகள் வழியாகப் பஞ்சு உறிஞ்சப்படாது. வலையை வாரம் ஒருமுறை தட்டி, மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கணினியைத் தரையில் வைக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போது கரண்டைத் துண்டித்து, கார்டை வெளியே எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் பஞ்சை இழுத்து எடுத்த பிறகே புளோயர் பிடிக்க வேண்டும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் அது அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். தறிக்கூடத்து கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அதைக் கார்டு மேல் அடிக்கவே கூடாது.

கரண்ட்

ஸ்லாட் தருவது 75 வாட், 8-பின் கேபிள் ஒன்று 150 வாட். 4060 (115 வாட்), 5060 (145 வாட்) இரண்டுக்கும் என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் சொல்கிறது. 5060 டிஐ-க்கு (180 வாட்) 600. பிராண்டு தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் அடாப்டர் போட்டுக் கார்டுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், கனெக்டர் உருகும். 600 விஏ யுபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். விளையாட்டு ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணையும். 1000 விஏ-க்குக் குறையாமல் பாருங்கள்.

விலைக்குத் தகுமா?

கணக்கு காட்டுவதற்காக மட்டும் இரண்டு கார்டுகள். முதலாவது 30,000 ரூபாய், சராசரி 75, 1% லோ 60. இரண்டாவது 36,000 ரூபாய், சராசரி 84, 1% லோ 74. சராசரிப்படி ஒரு ஃப்ரேமுக்கு 400 ரூபாய், 429 ரூபாய். முதலாவது மலிவு. 1% லோ-ப்படி 500, 486. இப்போது இரண்டாவது முந்துகிறது. புதுக் கணினியே கட்டுகிறீர்கள் என்றால் மொத்த விலையை வகுக்க வேண்டும்: 80,000-ஐ 60-ஆல், 86,000-ஐ 74-ஆல். அப்போது 1,333-க்கு எதிரே 1,162. பழைய கணினியில் போடுகிறவர் எஸ்எம்பிஎஸ், கூடுதல் ஃபேன் செலவைக் கார்டு விலையோடு கூட்டட்டும்.

கரண்ட் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. 60 வாட் வித்தியாசம், தினம் 4 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 88 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 15. ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளில் மட்டும் அந்த 15 அடுத்த கட்டணத்துக்குத் தள்ளிவிடலாம்.

ஜிஎஸ்டி பதிவுள்ள தொழிலுக்கு வாங்கினால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வாய்ப்பு உண்டு. 35,400 ரூபாய் கார்டு அப்போது 30,000-க்குச் சமம். பில் இல்லாமல் ஆயிரம், இரண்டாயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னால் அது நட்டம்தான், வாரன்டியும் சேர்ந்து போகும்.

கடையிலும் செகண்ட் ஹேண்டிலும்

"ஏனுங்ண்ணா, பில்லுல சீரியல் நம்பர் போட்டுக் குடுத்துருங்க" என்று தயங்காமல் கேளுங்கள். பெட்டியிலும் கார்டிலும் பில்லிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கார்டுக்கு இந்தியாவில் வாரன்டி செல்லுமா என்று அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாங்கும் முன்பே பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஓட்டிக் காட்டாத கார்டை வாங்க வேண்டாம். ஜிபியு-இசட்டில் சிப் பெயர், நினைவக அளவு, பஸ் அகலம் மூன்றையும் பாருங்கள். போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது 'ஃபேக்' என்றே காட்டும். ஓசிசிடி மென்பொருளின் விராம் (கார்டின் நினைவகம்) சோதனையை 20 நிமிடம் ஓட்டுங்கள், ஒரு பிழை வந்தாலும் வேண்டாம். எல்லா டிஸ்பிளே போர்ட்டிலும் கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள். ஸ்லாட் கொக்கி அருகே போர்டில் மயிரிழை விரிசல், ஸ்க்ரூவில் திறந்த தடம், ஃபேனைக் கையால் சுற்றினால் கரகரப்பு ஆகியவற்றையும் கவனியுங்கள். கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் பேஸ்ட், பேட், ஃபேன் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

புதுக் கார்டானால் மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் கடை மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் முடித்துவிடுங்கள். அதுவரை பெட்டி, உறை, அடாப்டர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எடுத்த எண்களை அறை வெப்பத்தோடும் தேதியோடும் ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த பங்குனியில் சூடு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட அது வேண்டும்.